வண்டி நிற்க மடையை அடைப்பதா?

சென்ற இதழில் டெல்டாவுக்குக் கேரவன் முகாம்கள் வேண்டும் என்று வாதிட்ட கட்டுரையை இரண்டு முறை படித்தேன். தஞ்சாவூர்–பட்டுக்கோட்டைச் சாலையோரத்து வயல்களை மண்ணடித்து மேடாக்கி, படுக்கையும் அடுப்படியும் கொண்ட வண்டிகள் வந்து தங்க இடம் செய்ய வேண்டுமாம். மூன்று காரணங்கள் சொல்கிறார். வழிப்போக்கருக்கு இடம் கொடுத்த பழக்கம் இங்கே இல்லை. கேரவனில் எல்லாம் உள்ளேயே இருப்பதால் ஊருக்குச் சுமை இல்லை. நெல்லில் வராத காசு இதில் வரும். மூன்றும் தவறு. முதலாவது, வெட்கப்பட வேண்டிய தவறு.

அந்தச் சாலையிலுள்ள ஒரத்தநாட்டை வைத்து எழுதுகிறவருக்கு முத்தம்பாள் சத்திரம் எப்படிக் கண்ணில் படாமல் போனது? இரண்டாம் சரபோஜி மன்னர் 1802-ல் கட்டி முடித்தது. அதன் அடித்தளத்தைக் குதிரைகளும் யானைகளும் இழுக்கும் தேராகவே கல்லில் செதுக்கியிருக்கிறார்கள். தங்குமிடத்தையே வண்டி வடிவில் கட்டிய ஊர் இது. ராமேஸ்வரம் போகிறவர்களுக்காக நீடாமங்கலம், இராசாமடம், மீமிசல் என்று வழிநெடுகச் சத்திரங்கள் இருந்தன. அங்கே என்ன நடந்தது என்பதைச் சரபோஜியே 1801-ல் தஞ்சையிலிருந்த ஆங்கிலேயப் பிரதிநிதி (ரெசிடெண்ட்) பெஞ்சமின் டோரினுக்குக் கடிதமாக எழுதினார். நள்ளிரவில் மணியடித்து, சாப்பிடாதவர் உண்டா என்று கேட்டுச் சோறு போட்டார்கள். நோயாளிக்கு வைத்தியமும், கர்ப்பிணிக்குப் பிரசவ உதவியும், அநாதைக் குழந்தைக்குப் பாலும் கிடைத்தன. சாதி பார்த்துச் சமைத்துப் போட்ட குறை அங்கே உண்டு. அதை மறைக்கவும் வேண்டாம், திரும்பக் கொண்டுவரவும் வேண்டாம். ஆனால் பழக்கமே இல்லை என்பது பச்சைப் பொய்.

கட்டுரையாளர் போற்றும் அமெரிக்காவின் கதையும் அவருக்குத் துணை நிற்காது. கேம்ப்கிரவுண்ட்ஸ் ஆஃப் அமெரிக்கா என்ற புகழ்பெற்ற முகாம் தொடர், 1962-ல் மொன்டானா மாநிலத்தின் பில்லிங்ஸ் நகரில், சியாட்டில் உலகக் கண்காட்சிக்குக் காரில் போன குடும்பங்களுக்காகத் தொடங்கியது. தொடக்கத்திலேயே அவர்கள் கொடுத்தது வெந்நீர்க் குளியல், கழிப்பறை, சின்னக் கடை. அங்கேயும் வழிப்போக்கர் தேடி வந்தது வெறும் மேட்டு நிலத்தை அல்ல, இவற்றைத்தான்.

கேரவனில் நன்மையே இல்லை என்று நான் சொல்லவில்லை. முழங்கால் வலிக்காரர் ஊருக்கு ஊர் லாட்ஜ் மாடி ஏற வேண்டாம். பத்தியச் சாப்பாட்டுக்காரர் தானே கஞ்சி வைத்துக்கொள்ளலாம். பெண்கள் கழிப்பறை தேடி அலைய வேண்டாம். இவை பெரிய நன்மைகள். ஆனால் ஊருக்குச் சுமை இல்லை என்பது எந்தக் கணக்கு? வண்டித் தொட்டியில் நிரப்பும் தண்ணீர் நம் ஆழ்துளைக் கிணற்றிலிருந்துதான் வரும். மலத்தொட்டியைச் சில நாளுக்கொரு முறை எங்காவது கொட்டியாக வேண்டும். முறையான கழிவுக் குழி இல்லாத இடத்தில் அந்த ‘எங்காவது’ என்பது வாய்க்கால்தான். ஏசி ஓட வெளியிலிருந்து மின்சாரம் வேண்டும். இவற்றில் ஒன்றுக்குக்கூட அவர் ஒரு வரி ஒதுக்கவில்லை.

இனி வயல். ஒரத்தநாட்டு நன்செய் 1934-ல் வந்த கல்லணைக் கால்வாயை, எங்கள் பேச்சில் புதாற்றை, நம்பியது. பல வயல்களுக்குத் தனி மடை கிடையாது. மேல் வயல் நிரம்பி, வரப்பில் வெட்டிய வாமடை வழியாகக் கீழ் வயலுக்குப் பாயும். மிஞ்சியது வடிகாலில் விழும். நடுவில் ஒரு வயலைத் தூர்த்தால் கீழே இருப்பவனுக்குப் பாய்ச்சல் போச்சு, மேலே இருப்பவனுக்கு வடிகால் போச்சு. எங்கள் ஊர்ப் பக்கம் சாலையோர வயல் ஒன்றைக் கிராவல் அடித்து மேடாக்கினார்கள். அந்த ஐப்பசி அடைமழையில் மேல் வயலில் தண்ணீர் தேங்கி, நட்டு இருபது நாளான சம்பா மூழ்கிக் கிடந்தது. வடிந்தபின் இறங்கி ஒரு குத்தைப் பிடித்து இழுத்தேன். வேர் சேற்றிலேயே நிற்க, தாள் மட்டும் அழுகல் நாற்றத்தோடு கையில் வந்தது.

2023-ல் தமிழக அரசு வெளியிட்ட சுற்றுலாக் கொள்கையில் கேரவன் சுற்றுலா இருக்கிறதே என்கிறார். இருக்கட்டும், அது வயலைத் தூர்ப்பதற்கான அனுமதிச் சீட்டு அல்ல. தஞ்சை மாவட்டத்தைப் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலமாக்கிய 2020-ஆம் ஆண்டுச் சட்டத்தை அவர் ஏன் சொல்லவில்லை? அதன் தடைப் பட்டியலில் கேரவன் முகாம் இல்லை என்று அவர் வாதிடலாம். இந்த மண் நெல்லுக்கானது என்ற எண்ணத்தில் பிறந்த சட்டம் என்பதை மறுக்க முடியுமா?

காசு வரும் என்கிறாரே, யாருக்கு வரும்? வாடகை நிலச் சொந்தக்காரருக்குப் போகும். குத்தகைக்கு உழுகிறவர் வெளியேறுவார். நடவுக்கும் களையெடுப்புக்கும் இறங்கும் பெண்களுக்கு அந்த நிலத்தில் இனி ஒரு நாள் வேலை கிடையாது. ஐப்பசி, கார்த்திகை மழையிலும் சித்திரை வெயிலிலும் முகாம் காலியாகக் கிடக்கும் என்பதையும் அவர் கணக்கில் சேர்க்கவில்லை. நெல்லுக்கு விலை போதவில்லை என்றால் விலைக்குப் போராட வேண்டும். கொள்முதல் நிலைய வாசலில் நெல் நனையாமல் இருக்கக் கூரை கேட்க வேண்டும். வயலைத் தூர்க்கச் சொல்வது விவசாயிக்குச் செய்யும் உதவி ஆகாது.

இந்தச் சாலையின் உண்மையான கேரவன்கள் எவை என்று அவருக்குச் சொல்கிறேன். தீர்த்த யாத்திரைப் பேருந்துகள். மேலே அரிசி மூட்டையும் பாத்திரமும், உள்ளே நாற்பது ஐம்பது பேர். ஒரு விடியற்காலை அப்படியொரு பேருந்து சாலையோரம் நின்றது. புளியமரத்தடியில் அடுப்பு மூட்டியிருந்தார்கள். வயதான அம்மா ஒருவர், ஒரு கையில் தண்ணீர் பாட்டிலும் மறு கையில் பேத்தியின் தோளுமாக, வழுக்கும் வாய்க்கால் கரையில் மறைவிடம் தேடி இறங்கிக்கொண்டிருந்தார். இருநூறு ஆண்டுக்கு முன் வந்திருந்தால் அவருக்கு இந்த ஊரில் ஒரு திண்ணையாவது கிடைத்திருக்கும்.

ஏற்கெனவே மேடாகக் கிடக்கும் பொதுநிலத்தில் வண்டி நிறுத்தம், குடிநீர், சமையல் கூடம், குளியலறை, கழிவுக் குழி கட்டுங்கள். கேரவனும் வரட்டும், யாத்திரைப் பேருந்தும் வரட்டும், ஒரே கட்டணத்தில் நிற்கட்டும். அந்த அம்மாவுக்கு வேண்டியது தாழ்ப்பாள் உள்ள ஒரு கழிப்பறை. அதற்கு ஒரு குழி நன்செயும் தேவையில்லை.