வானுக்கு வேலி

ட்ரோன்களைக் கட்டுப்படுத்த அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்திலுள்ள நியூட்டன் நகரம் 2016 டிசம்பரில் ஒரு விதி இயற்றியது. தனியார் நிலத்தின் மேல் 400 அடிக்குக் கீழே பறக்கவிட உரிமையாளரின் இசைவு வேண்டும். நகரத்துக்குரிய இடங்களின் மேல் எந்த உயரத்தில் பறக்கவிடவும் நகரத்தின் இசைவு வேண்டும். படுக்கையறைச் சாளரத்தருகே ஒரு படக்கருவி வந்து நிற்குமோ என்னும் அச்சத்தை எளிதில் தள்ளிவிட இயலாது.

ஆயினும், நடுவண் அரசின் வான்போக்குவரத்துத் துறை சிறு ட்ரோன்களுக்கு 400 அடியையே மேல் எல்லையாக வைத்திருந்தது. மேலே அரசின் தடை. கீழே நகரத்தின் தடை. இடையில் ஒரு தும்பி நுழையவும் வழியில்லை! நகரவாசி ஒருவர் வழக்குத் தொடுத்தார். 2017 செப்டம்பரில் நடுவண் நீதிமன்றம் இவை உள்ளிட்ட நான்கு பிரிவுகளைச் செல்லாதவை என்றது. திருத்தி எழுதும் உரிமையை மட்டும் நகரத்துக்கு விட்டுவைத்தது.

தீர்ப்பு சரியானதே. ஊருக்கு ஊர் வானத்தைக் கூறுபோட்டால், ஆற்றின் இக்கரையில் விளையாட்டாக இருப்பது அக்கரையில் குற்றமாகிவிடும். அதனால் நகரம் வெறுங்கையோடு நிற்கிறது என்று கொள்ளலாகாது. நிலம் அதன் பொறுப்பில் உள்ளது. பூங்காவில் எவ்விடத்திலிருந்து ட்ரோனை எழுப்பலாம், எங்கே இறக்கலாம் என அது வரையறுக்கலாம். பிறர் தனிமையில் புகுந்து உளவு பார்ப்போரைத் தண்டிக்கலாம். அத்தகைய பிரிவொன்று நியூட்டன் விதியிலேயே இருந்தது. வழக்குத் தொடுத்தவரும் அதை எதிர்க்கவில்லை. நீதிமன்றமும் அதைத் தொடவில்லை.