பற்றரி முனையில் பூத்த உப்பு

கொட்டாஞ்சேனைக்கு அப்பால் முகத்துவாரத்தில் வெளியிணைப்பு மோட்டர் பூட்டிய படகுகளைக் கண்டிருப்பீர்கள். உங்கள் வீட்டிலும் அப்படியொன்று இருந்து, சாவியைத் திருப்பினால் ‘டிக்’ என்ற சத்தம் மட்டும் வருகிறதா? புதிய பற்றரிக்கென்று சீட்டுக் காசை எடுத்துக் கொடுத்துவிடாதீர்கள்! முதலில் பற்றரி முனைகளைப் பாருங்கள். வெள்ளையாகவோ பச்சையாகவோ பூத்திருந்தால் மின்சாரம் தடைப்படும். கறுப்பு வயரை முதலில் கழற்றச் சொல்லுங்கள். அப்போதுதான் ஸ்பேனர் தவறிப் பட்டாலும் தீப்பொறி பறக்காது. அப்பச்சோடா கரைத்த நீரால் தேய்த்து (பற்றரிக்குள் சொட்டும் இறங்கக்கூடாது), துடைத்து, கறுப்பைக் கடைசியாகப் பூட்டி, வாஸ்லின் பூசினால் போதும். நன்றாகச் சார்ஜ் ஏறிய 12 வோல்ட் பற்றரி, ஓய்வில் ஏறக்குறைய 12.6 காட்டும். பாதுகாப்புக் கயிறு கழன்றிருந்தாலும் மோட்டர் இயங்காது. அதை மறந்து பற்றரியைத் திட்டுவோரும் உண்டு. இவற்றையெல்லாம் கரையிலேயே பார்த்துவிடட்டும். நடுக்கடலில் மோட்டர் நின்றால் நீரோட்டம் படகை இழுத்துப் போய்விடும். கையால் இழுத்து ஸ்டார்ட் செய்யும் கயிறும் படகிலேயே இருக்கட்டும்.