பகடையை மறைக்காத நடுவர்

மேசையின்மேல் கட்டம் போட்ட தாள், பென்சில், அழிப்பான், சில பகடைகள். மேசையைச் சுற்றி ஐந்தாறு பேர். ஒருவர் சூழலை விவரிக்கிறார்; மற்றவர்கள் தத்தம் பாத்திரம் அங்கு என்ன செய்யும் என்று சொல்கிறார்கள். முடிவு ஐயத்திற்குரியதாக இருந்தால் பகடை உருளும். பாகமேற்பு விளையாட்டின் அடிப்படை இவ்வளவுதான்.

அமெரிக்காவைச் சேர்ந்த கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னிசன் ஆகிய இருவரும் 1974ஆம் ஆண்டில் ‘டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’ என்ற விளையாட்டை வெளியிட்டனர். மூன்று சிறு நூல்கள் அடங்கிய பெட்டி. விலை 10 டாலர். முதலில் அச்சானவை 1,000 பெட்டிகள். ஆட்டத்தை நடத்துபவரை அந்நூல்கள் ‘நடுவர்’ என்றே அழைத்தன. கதாசிரியர் என்று அழைக்கவில்லை. இந்த வேறுபாடு சிறிதன்று.

தாயமும் பரமபதமும் தமிழர் அறிந்த பகடை ஆட்டங்களே. ஆனால், அவற்றில் காய் செல்லும் வழி முன்பே வரையப்பட்டிருக்கும். பாகமேற்பு விளையாட்டில் வழியை ஆடுபவரே தேர்ந்தெடுக்கிறார். பிற்காலத்தில் பலர் இதனை முன்கூட்டியே எழுதப்பட்ட கதையாக மாற்றிக்கொண்டனர். பழைய பாணியை விரும்புவோர் அதை ஏற்பதில்லை. நடுவர் இடத்தை ஆயத்தம் செய்ய வேண்டும். முடிவை ஆயத்தம் செய்யக்கூடாது என்பது அவர்களது கொள்கை.

ஜார்ஜ் டவுனில் வாழும் நடுவருக்குக் களம் தேடி அலைய வேண்டியதில்லை. 1830களின் துறைமுகத்தை எடுத்துக்கொள்ளலாம். விண்மீன் வடிவக் கார்ன்வாலிஸ் கோட்டை, 1801இல் தோன்றிய கப்பித்தான் கிளிங் பள்ளிவாசல், 1818இல் கட்டி முடிக்கப்பட்ட செயிண்ட் ஜார்ஜ் தேவாலயம், 1833இல் எழுந்த அருள்மிகு மகாமாரியம்மன் ஆலயம் ஆகிய அனைத்தும் நடந்தே சென்று பார்க்கக்கூடிய தொலைவில் உள்ளன. ஆச்சேயிலிருந்து மிளகு வந்திறங்கிய துறைமுகம் அது. சூலியா வணிகர்கள் கடை விரித்த நகரம் அது. எந்தப் பண்டகசாலையில் என்ன சரக்கு, யார் யாருக்குக் கடன்பட்டவர், காவலாளி எப்பொழுது மாறுவார் என்பனவற்றை நடுவர் கற்பனையாகக் குறித்து வைத்தால் போதும்.

அந்தப் பண்டகசாலையிலிருந்து ஒரு கணக்கேட்டை எடுத்து வருவது ஆடுபவர்களின் நோக்கம் எனலாம். ஒருவர் காவலாளியிடம் பேச்சுக் கொடுக்கிறார். இன்னொருவர் கூரைமேல் ஏறுகிறார். இருபது முகப் பகடையில் 3 விழுகிறது, ஓடு நழுவுகிறது. ஆறு மாதமாக வளர்த்த பாத்திரம் அந்த ஒரு வீழ்ச்சியில் மடியலாம். இங்கேதான் நடுவருக்குச் சோதனை வருகிறது. தடுப்பட்டைக்குப் பின்னால் பகடையை உருட்டி, 3ஐ 13 என்று சொல்லிவிட்டால் யாருக்கும் தெரியாது.

எல்லாரும் மகிழ்வதுதானே விளையாட்டு, ஒரு பொய்யால் என்ன கெடுதல் என்று சிலர் கேட்பர். அக்கேள்வியில் இரக்கம் இருக்கிறது. ஆனால், அந்த இரக்கம் ஆடுபவரைச் சிறுபிள்ளையாக்குகிறது. ஒருமுறை இரகசியமாகக் காப்பாற்றப்பட்டவர் அடுத்த முறை துணிந்து ஏறினாலும் அது துணிவாகாது. விழமாட்டோம் என்று அவருக்குத் தெரியும். அவர் எடுத்த முடிவுகள் அனைத்தும் நடுவர் எழுதிய கதையின் வரிகளாகிவிடும். பகடை மேசை நடுவே, எல்லார் கண்ணெதிரே உருள வேண்டும்.

அதற்காக நடுவர் கொடியவராக இருக்க வேண்டும் என்பதில்லை. இடரை முன்பே காட்டாமல் குழியில் தள்ளுவதும் நேர்மைக்கேடுதான். “கூரை இருக்கிறது” என்று மட்டும் சொல்லிவிட்டு ஓடு நழுவியது என்றால், ஆடுபவர் சினம் கொள்வது முறையே. “இரவெல்லாம் மழை, ஓடுகளில் பாசி படிந்திருக்கிறது, விளிம்பில் இரண்டு ஏற்கெனவே பெயர்ந்து கிடக்கின்றன” என்று சொன்னால், ஏறுவதா வேண்டாமா என்ற முடிவு உண்மையில் அவருடையது ஆகிறது. நடுவரின் நேர்மை அவருடைய சொல்வளத்தைச் சார்ந்திருக்கிறது.

இவ்விளையாட்டைத் தமிழில் நடத்த வேண்டும் என்பதற்கும் இதுவே காரணம். விதிநூல்களில் பெரும்பாலானவை ஆங்கிலத்தில் உள்ளன. ஆட்டம் பேச்சால் நடப்பது. நங்கூரம், சுக்கான், தாழ்ப்பாள், சாளரம், உத்தரம் போன்ற சொற்கள் தேர்வுத்தாளோடு முடிந்துவிடாமல் இங்கு உயிர்காக்கும் செய்திகளாகின்றன. தாழ்ப்பாள் உள்ளே இருக்கிறதா வெளியே இருக்கிறதா என்று ஐந்து பேர் தமிழில் வாதிடுவது எளிதில் கிடைக்கும் பயிற்சி அன்று.

நேரம் வீணாகும் என்ற பெற்றோரின் கவலை நியாயமானது. ஓர் அமர்வு மூன்று நான்கு மணி நேரத்தை விழுங்கும். நடுவரின் ஆயத்த வேலை தனி. 1979இல் வெளிவந்த நடுவர் கையேட்டில் கைகாக்ஸ் ஆட்டத்தின் நாள்கணக்கைத் தவறாமல் எழுதி வைக்கும்படி வலியுறுத்தினார். காயம்பட்ட பாத்திரம் ஆற எத்தனை நாள், கப்பல் திரும்ப எத்தனை நாள் என்று பார்க்க வேண்டும் அல்லவா? எஸ்.பி.எம். மாணவர்கள் மாதம் ஒருமுறை ஆடினாலே போதும்.

பள்ளித் தமிழ்மொழிக் கழகம் இதனைத் தொடங்க ஒரு நகரம் முழுவதையும் வரைய வேண்டியதில்லை. ஒரு பண்டகசாலை, நான்கு அறைகள், ஒரு காவலாளி; வீட்டிலுள்ள சாதாரண ஆறு முகப் பகடை. கூரை எப்படி இருக்கிறது என்பதை மட்டும் நடுவர் முன்கூட்டியே எழுதி வைத்துக்கொள்ளட்டும்.