தேவையோடு காரணமும் வர வேண்டும்

1996 ஜூன் 4 அன்று பிரெஞ்சு கயானாவின் கூரூ தளத்திலிருந்து கிளம்பிய முதல் ஏரியன் 5 ராக்கெட், 40 நொடிகளுக்குள் வானில் சிதறியது. அதிலிருந்த நான்கு கிளஸ்டர் செயற்கைக்கோள்களும் அழிந்தன. 64 பிட் எண் ஒன்று 16 பிட்டுக்குள் அடங்காமல் போன கதையாகவே இதை நம் மென்பொருள் துறையில் சொல்லிவருகிறோம். விசாரணைக் குழு அறிக்கை அதற்கும் பின்னால் போகிறது. ராக்கெட் தரையை விட்டபின், அந்த எண்ணைத் தந்த கணக்கீட்டால் ஏரியன் 5-க்கு எந்தப் பயனும் இல்லை. கவுண்ட்டவுன் கடைசி நேரத்தில் நின்றால் சீக்கிரம் மறுபடி தொடங்கலாம் என்பதற்காக, ஏரியன் 4-இல் அதைச் சுமார் 40 நொடி கூடுதலாக ஓடவிட்டிருந்தார்கள். அந்தத் தேவை புதிய ராக்கெட்டுக்கும் வந்துவிட்டது. அதன் காரணத்தை யாரும் மறுபடி கேட்கவில்லை.

தேவைகளை நிர்வகிக்க மென்பொருள் வாங்கப்போகும் அணிகள் முதலில் பார்க்க வேண்டியது இதைத்தான். ஒவ்வொரு தேவையோடும் அது ஏன் வந்தது, எந்த அனுமானத்தில் நிற்கிறது என்று எழுத இடம் உண்டா? அனுமானம் மாறினால், அதோடு இணைந்த வடிவமைப்பையும் டெஸ்ட் கேஸ்களையும் மறுபரிசீலனைக்குக் குறித்துக் காட்டுமா? டோர்ஸ், போலரியன், ஜாமா ஆகிய தேவை நிர்வாக மென்பொருள்கள் மூன்றும் இதைச் செய்யும். காரணம் எழுதாத தேவைக்கு ஒப்புதல் தராத ஒழுங்கை மட்டும் நாம்தான் கொண்டுவர வேண்டும். டிக்கெட் மென்பொருளே போதும் என்பவர்களோடு நான் உடன்படவில்லை. வேலை முடிந்ததும் டிக்கெட் மூடப்படும். தேவையோ பொருள் புழக்கத்தில் உள்ளவரை உயிரோடு இருக்கும்.

வெளியேறும் வழியையும் வாங்கும்போதே பாருங்கள். டோர்ஸ் 2008-இல் டெலிலாஜிக் நிறுவனத்தோடு ஐபிஎம் கைக்குப் போனது; போலரியனை 2016-இல் சீமென்ஸ் வாங்கியது. விமானமும் மருத்துவக் கருவியும் செய்பவர்களின் தேவைப் பட்டியல், மென்பொருள் விற்றவரைவிட நீண்டகாலம் வாழக்கூடியது. ஜெர்மன் கார் நிறுவனங்களின் முயற்சியில் பிறந்து, 2011-இல் ஓஎம்ஜி அமைப்பின் தரநிலையான ரெக்ஐஎஃப் கோப்பு வடிவம், தேவைகளை வேறு மென்பொருளுக்கு எடுத்துச்செல்ல உதவும். ஆனால் மாற்ற வரலாற்றை அது சுமந்து வராது. அதைத் தனியே எடுக்க வழி கேளுங்கள்.

விற்பனையாளரின் மாதிரித் தரவில் எல்லாமே அழகாக ஓடும். உங்கள் திட்டத்தில் அதிகம் சண்டை நடந்த 50 தேவைகளை எடுத்துக்கொண்டு, அவற்றை டெஸ்ட் செய்பவர்களையே சோதனைக்கு உட்கார வையுங்கள். இணைப்புகளோடு ஏற்றி, ஒன்றை மாற்றி, முழுவதையும் வெளியே எடுத்துப் பார்த்தபின் ஒப்பந்தத்தில் கையெழுத்திடுங்கள்.