500 டாலர் கவர், 15 வருட ஜெயில்: ஓவியம் வரையத் தெரியாதவர் என்ன செய்வார்?

ஒரு கவரைக் கொண்டுபோய்க் கொடுத்தால் 500 டாலர். நியூயார்க்கில் ரேடியோ ரிப்பேர் தொழில் செய்துவந்த ஆண்டனி பாப்பாவுக்குப் பணமுடை. பவுலிங் விளையாடப் போன இடத்தில் பழக்கமானவர் சொன்ன வேலை இது. சரி என்றார். கவரை வாங்க வந்தது மஃப்டி போலீஸ். உள்ளே 4.5 அவுன்ஸ், அதாவது சுமார் 127 கிராம் கொக்கைன்.

முதல் குற்றம்தான். ஆனாலும் குறைந்தபட்சம் 15 வருடம், அதிகபட்சம் ஆயுள்.

ஏன் இவ்வளவு?

ஆளுநர் நெல்சன் ராக்ஃபெல்லர் காலத்தில், 1973-ல் வந்த போதைப்பொருள் சட்டம் அப்படி. எத்தனை அவுன்ஸ் என்பதே கணக்கு. மாட்டியவர் கடத்தல் தலைவனா, கூலிக்கு வந்தவரா என்று பார்த்து 15-க்குக் கீழே குறைக்க நீதிபதிக்கு வழியில்லை.

சிறையில் என்ன நடந்தது?

சிங் சிங் சிறையில் சக கைதி ஒருவர் வரைவதைப் பார்த்துத்தான் பாப்பா தூரிகையைத் தொட்டார். கண்ணாடியில் தெரிந்த தன் முகத்தை வரைந்து, '15 டு லைஃப்' என்று தண்டனையையே தலைப்பாக வைத்தார். அந்தப் படம் விட்னி அருங்காட்சியகத்தில் மாட்டப்பட்டது. ஊடகங்கள் திரும்பிப் பார்த்தன. 1996-ல் ஆளுநர் ஜார்ஜ் பதாக்கி கருணை காட்ட, 12 வருடத்துக்குப் பிறகு வெளியே வந்தார்.

வந்தவர் சும்மா இருக்கவில்லை. உள்ளே இருப்பவர்களின் குடும்பங்களைத் திரட்டி அந்தச் சட்டத்தை எதிர்த்தார். 2004-லும் 2009-லும் சட்டம் தளர்ந்தது. 2016-ல் அவருக்கு முழு மன்னிப்பும் கிடைத்தது.

நமக்கு என்ன?

'கலை காப்பாத்திடுச்சு' என்று ஷேர் செய்துவிட்டுப் போகலாம். எனக்கு அது போதவில்லை. அதே சட்டத்தில் சிக்கி, வரையத் தெரியாமல் உள்ளேயே கிடந்தவர்களை எந்த அருங்காட்சியகமும் தேடவில்லையே!

நம்ம ஊரிலும் 1985-ம் ஆண்டு போதைப்பொருள் தடுப்புச் சட்டம் இருக்கிறது. கொக்கைன் 100 கிராமைத் தாண்டினால் 'வணிக அளவு'. குற்றம் நிரூபணமானால் குறைந்தது 10 வருடம். பாப்பாவின் கவர் இங்கே பிடிபட்டிருந்தாலும் நீதிபதியால் அதற்குக் கீழே இறங்க முடியாது.

போதை விற்பவர்களை விட்டுவிடச் சொல்லவில்லை. கூலிக்குக் கவர் தூக்கியவரையும் அனுப்பியவரையும் பிரித்துப் பார்க்கும் அதிகாரம் நீதிபதிக்கு வேண்டும். சிறையில் தூரிகை, புத்தகம், ஒரு கைத்தொழில் வேண்டும். திறமை இருந்தால்தான் இரண்டாவது வாய்ப்பு என்றால், அதற்குப் பெயர் நீதியா, லாட்டரியா?