வண்டியை எங்கே நிறுத்துவது?

சேலம் ஜங்ஷன் இருப்பது சூரமங்கலத்தில். ரயில் சத்தம் கேட்காமல் அந்த ஊர்க்காரர்களுக்குத் தூக்கம் வராது. கடல் சத்தம் கேட்க வேண்டுமென்றால் மட்டும் ஏறக்குறைய இருநூறு கிலோமீட்டர் போகவேண்டும்.

அங்கே ரிடையரான ஒரு கணவன், மனைவி என்று வைத்துக்கொள்ளுங்கள். பிள்ளைகள் செட்டில் ஆகிவிட்டார்கள். வீட்டில் ஒரு பழைய கார். அதன் பின்னால் மாட்டி இழுக்கிற மாதிரி, இரண்டு சக்கரத்தில் ஒரு சின்னப் பெட்டி. உள்ளே இரண்டு பேர் படுக்கலாம். பின்கதவைத் தூக்கினால் ஸ்டவ், பாத்திரம், தண்ணீர் கேன். கடலூரில் கடலைப் பிடித்து கன்னியாகுமரி வரை ஓரமாகவே போய்வர ஆசை. பணக்கார ஆசையா இது? லாட்ஜ் வாடகை மிச்சம், ஓட்டல் சாப்பாடு மிச்சம்.

செய்து கொடுக்க ஆள் இல்லையா என்றால், இந்தியாவிலேயே இதற்குச் சரியான இடம் எங்கள் பக்கம்தான். வெறும் சேஸிஸாக வரும் லாரிக்கு கேபினும் பாடியும் கட்டி அனுப்புகிற ஊர் நாமக்கல். டிரைவர் படுக்க, சாமான் வைக்க எல்லாம் அளவெடுத்து அடிப்பார்கள். திருச்செங்கோட்டு போர்வெல் வண்டிகள் இந்தியா முழுக்கப் போகின்றன. அந்த ஆட்கள் மாதக்கணக்கில் வண்டியோடவே சமைத்து, வண்டியிலேயே தூங்கி எழுகிறார்கள். அதற்கு முன்னால் கூண்டு வண்டி இருந்தது. வைக்கோல் பரப்பி, ஜமக்காளம் விரித்து, கட்டுச்சோற்றோடு நம் பாட்டிமார்கள் திருவிழாவுக்குப் போனது கேம்பிங் இல்லாமல் வேறு என்ன?

ஆகவே பிரச்னை பட்டறையில் இல்லை. ஆர்.டி.ஓ. ஆபீஸில் இருக்கிறது.

1988-ம் வருடத்து மோட்டார் வாகனச் சட்டப்படி ட்ரெய்லரும் ஒரு மோட்டார் வாகனம். தனியாகப் பதிவு செய்து, தனி நம்பர் வாங்கவேண்டும். நியாயம்தான். ஆனால் பதிவு செய்ய, வண்டியின் மாதிரிக்கு சோதனை நிலையத்தில் ஒப்புதல் வாங்கியிருக்கவேண்டும். ஆயிரம் வண்டி செய்து விற்கிற கம்பெனிக்காக வகுத்த வழி இது. தனக்கென்று ஒரே ஒரு பெட்டி செய்துகொள்கிறவரும் இதே வாசலில்தான் நிற்கவேண்டும். பெட்டி செய்கிற செலவைவிட ஒப்புதல் வாங்கும் செலவு அதிகமானால், ஒன்று ஆசையை விடவேண்டும், இல்லை திருட்டுத்தனமாக ஓட்டவேண்டும்.

'கண்டவரும் வெல்டிங் வைத்து ரோட்டுக்கு வந்தால் உயிர் போகாதா?' என்பீர்கள். போகும். கொக்கி கழன்ற ட்ரெய்லர், பின்னால் வருகிற பைக்காரருக்கு எமன். ராத்திரியில் பின்விளக்கே இல்லாமல் போகிற கரும்பு டிராக்டரைப் பார்த்தவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. (அதை மட்டும் யார் தடுத்தார்கள் என்பது வேறு கதை.) நான் விலக்குக் கேட்கவில்லை. பரிசோதனை கேட்கிறேன். அமெரிக்காவில் 1930-களிலேயே கண்ணீர்த்துளி வடிவத்தில் இப்படிப் பெட்டிகளை வீட்டில் செய்து இழுத்துக்கொண்டு போனார்கள். இன்றும் அங்கே பல மாநிலங்களில், சொந்தமாகச் செய்த ட்ரெய்லரைக் கொண்டுபோய்க் காட்டினால் சோதித்துப் பார்த்து ஓர் அடையாள எண் கொடுக்கிறார்கள். பிரிட்டனில் 750 கிலோவுக்குள், இழுக்கும் காரின் எடையில் பாதிக்கு மிகாமல் இருந்தால் ட்ரெய்லருக்குத் தனி பிரேக்கூடத் தேவையில்லை. ஆனால் விளக்கும் நம்பர் பிளேட்டும் இருந்தே தீரவேண்டும். நம் மோட்டார் வாகன ஆய்வாளருக்கு அச்சு, கொக்கி, விளக்கு, எடை பார்க்கத் தெரியாதா?

நம் அரசுகளுக்கும் கேரவன் மேல் ஆசை வந்துவிட்டது. கேரளம் 2021-ல் கேரவன் சுற்றுலாவை அறிவித்தது. தமிழ்நாட்டின் 2023 சுற்றுலாக் கொள்கையிலும் கேரவன் உண்டு. சந்தோஷம். ஆனால் அது யாருக்கு? ஏ.சி., பாத்ரூம், சோபா என்று லட்சக்கணக்கில் முதல் போட்டு வாடகைக்கு விடும் ஆபரேட்டருக்கு. தமிழனுக்கு கேரவன் என்றாலே ஷாட்டுக்கு நடுவில் சினிமா நட்சத்திரம் ஓய்வெடுக்கிற வண்டிதானே! கொள்கை எழுதியவர்களுக்கும் அந்த ஞாபகம்தான் போலிருக்கிறது.

சரி, நம்பரே கிடைத்துவிட்டது என்று வையுங்கள். வண்டியை எங்கே நிறுத்துவது? தமிழ்நாட்டுக் கடற்கரை ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல். அதில் ஒரு பெண்மணி நம்பி நுழையக்கூடிய கழிப்பறைகள் எத்தனை? "ஏங்க, மத்தியானத்துக்கு மேல நான் தண்ணியே குடிக்கல" என்று சொல்லாமல் எந்த மனைவியாவது நெடுந்தூரம் கார்ப் பயணம் போய்வந்திருக்கிறாரா? ஆண்கள் திட்டம் போடும்போது இது கணக்கிலேயே வருவதில்லை. ரூட் மேப் உண்டு, மைலேஜ் உண்டு. மனைவியின் சிறுநீர்ப்பை கிடையாது.

அடுத்தது ராத்திரி. கடலோரம் ஒரு பெட்டிக்குள் ஆணும் பெண்ணும் இருந்தால், "யாருய்யா நீங்க, என்ன உறவு?" என்று டார்ச் வெளிச்சம் வரும். கல்யாணமாகாத இரண்டு பேர் ஓட்டலில் ஒரே அறையில் தங்குவதைத் தடுக்கச் சட்டமே இல்லை என்று 2019 டிசம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் சொல்லியாகிவிட்டது. லத்தி வரைக்கும் அந்தச் செய்தி இறங்கியதா தெரியாது. போர்வெல் வண்டியில் படுத்தால் தொழில், இவர்கள் படுத்தால் சந்தேகம்!

வழிப்போக்கனுக்கு இடம் கொடுப்பது நமக்குத் தெரியாத வித்தையும் அல்ல. ராமேஸ்வரம் போகும் யாத்ரீகர்களுக்கு வழியெல்லாம் சத்திரம் வைத்துச் சோறு போட்டார்கள் தஞ்சை மராட்டிய மன்னர்கள். ஒரத்தநாட்டில் சரபோஜி கட்டிய முக்தாம்பாள் சத்திரம் அப்படி வந்ததுதான். பிரான்சில் சின்னச்சின்ன ஊராட்சிகள்கூட இப்படிப்பட்ட வண்டிகளுக்கென்று இடம் ஒதுக்கி, தண்ணீர்க் குழாயும் கழிவை ஊற்ற வசதியும் வைத்திருக்கின்றன.

இங்கேயும் கடலோரப் பஞ்சாயத்துகள் செய்யலாம். கடற்கரையிலேயே அல்ல. அது மீனவர்கள் வலை காயவைக்கிற, படகு ஏற்றுகிற இடம். நம் உல்லாசத்துக்காக அவர்களை நகரச் சொல்லக்கூடாது. ஊருக்குள், ரோட்டோரமாகப் பத்து வண்டி நிற்கிற பொட்டல் போதும். ஒரு கைப்பம்பு, ஒரு விளக்கு, பூட்டாத இரண்டு கழிப்பறை. ராத்திரிக்கு நூறு ரூபாய் வாங்கிக்கொள்ளட்டும். அந்த ஊர்ப் பெண்கள் சுயஉதவிக்குழு அதை நடத்தி, மீன் குழம்பும் விற்கட்டும். கழிப்பறைச் சாவி மட்டும் பஞ்சாயத்துத் தலைவர் வீட்டுக்குப் போகாமல் இருக்கவேண்டும்.