ஆத்தங்கரையில ஒரு பள்ளிக்கூடம் திறந்தே கிடக்கு: நம்ம பிள்ளைங்களை எப்போ சேர்க்கப் போறோம்?



அரசியல் பதிவு போட வேண்டிய பக்கத்துல பட்டாம்பூச்சியைப் பத்தி எழுதறாங்களேன்னு நினைக்காதீங்க. கடைசி வரைக்கும் படிங்க. இதுவும் அரசியல்தான்.

சமீபத்துல ஒரு ஞாயித்துக்கிழமை. ஸ்ரீரங்கத்துல நம்ம தெருப் பிள்ளைங்க ஏழு பேரைக் கூட்டிக்கிட்டு மேலூர் வண்ணத்துப்பூச்சிப் பூங்காவுக்கும், அங்கிருந்து முக்கொம்புக்கும் போயிட்டு வந்தோம். பூ கட்டறவங்க வீட்டுப் பிள்ளை, ஆட்டோ ஓட்டறவர் வீட்டுப் பிள்ளை, வீட்டு வேலைக்குப் போற அம்மாவோட பிள்ளைங்க ரெண்டு பேர். எல்லாரும் அரசுப் பள்ளியில, அரசு உதவி பெறும் பள்ளியில படிக்கிறவங்க. ஏழு பேருமே தீவுல பிறந்து தீவுல வளர்ந்தவங்க. தெற்கே காவிரி, வடக்கே கொள்ளிடம். ஆனா ஏழு பேர்ல ஒருத்தர்கூட அந்த ரெண்டு ஆறும் பிரியற இடத்தைப் பார்த்ததில்லை.

ஆடிப்பெருக்கு அன்னைக்கு அம்மா மண்டபம் படித்துறையில ஆத்தைப் பார்த்திருக்காங்க. பஸ்ஸுல போகும்போது பாலத்து மேல இருந்து பார்த்திருக்காங்க. அவ்வளவுதான்.

முதல்ல பூங்காவைப் பத்திச் சொல்றோம். காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவுல, மேலணைக் காப்புக்காட்டுப் பகுதியில, 25 ஏக்கர்ல வனத்துறை அமைச்ச பூங்கா இது. 2015 நவம்பர்ல திறக்கப்பட்டது. எந்த ஆட்சியில வந்தது, யார் திறந்து வெச்சாங்க என்பது இன்னைக்குப் பேச்சு இல்லை. நல்லதை நல்லதுன்னு சொல்லணும். திறந்த வெளித் தோட்டம், மூடிய கூடம், இனப்பெருக்கத்துக்கு ஆய்வகம், நட்சத்திர வனம்னு நிறைய இருக்கு. நூத்துக்கும் மேற்பட்ட வண்ணத்துப்பூச்சி வகைகளை இங்கே பதிவு பண்ணியிருக்காங்க.

உள்ளே போனதும் பிள்ளைங்க என்ன செஞ்சாங்க? வெளியில நிக்கிற பெரிய பெரிய பூச்சி பொம்மைகளைப் பார்த்து ஓடினாங்க. ஊஞ்சலுக்கு ஓடினாங்க. பெரியவங்க நாங்க என்ன செஞ்சோம்? செல்போனை எடுத்தோம். அரை மணி நேரத்துல "பார்த்தாச்சு, போலாமா?"ங்கற நிலைமை.

அப்பதான் அஞ்சாம் வகுப்புப் படிக்கிற ஒரு பொண்ணு ஒரு செடிகிட்ட குத்துக்கால் போட்டு உட்கார்ந்துட்டா. "மாமா, இங்க பாருங்க, காக்கா எச்சம் நகருது!"

எல்லாரும் ஓடிப்போய்ப் பார்த்தோம். எச்சம் இல்லை. புழு. எலுமிச்சை, கருவேப்பிலைச் செடிகள்ல வளர்ற சில வண்ணத்துப்பூச்சிகளோட புழு, சின்ன வயசுல பறவை எச்சம் மாதிரியே இருக்கும். பார்த்த பறவை "சீ"ன்னு விட்டுட்டுப் போயிடும். புழு பிழைச்சுக்கும். நல்லவேளையா எங்க கூட வந்த ஒரு கல்லூரித் தங்கச்சி விலங்கியல் படிக்கிறவங்க. அவங்க இதைச் சொன்னதும் ஏழு பேரும் செடி செடியா இலையைத் திருப்பிப் பார்க்க ஆரம்பிச்சாங்க. அதுக்கப்புறம் ரெண்டு மணி நேரம் ஒருத்தரும் ஊஞ்சல் பக்கமே போகலை.

எருக்கஞ்செடியைக் காட்டினாங்க. வெந்தய வரியன்னு ஒரு வண்ணத்துப்பூச்சி. அதோட புழு எருக்கிலையைத் தின்னு வளருது. எருக்கம்பாலோட நஞ்சு அதுக்கு ஒண்ணும் பண்றதில்லை. உடம்புலயே சேர்த்து வெச்சுக்குது. ஒருதரம் தின்னு பார்த்த பறவை மறுபடி அந்தப் பக்கம் வராது. முட்டை போட வர்ற தாய்ப் பூச்சி இலை மேல உட்கார்ந்து காலாலயே ருசி பார்க்கும்னு சொன்னதும், "காலுல நாக்கா?"ன்னு ஒரு பையன் கேட்ட கேள்விக்கு ஒரு பூங்காவே சிரிச்சுது.

இதுல கவனிங்க. செடி அதே செடி. பூச்சி அதே பூச்சி. சொல்றதுக்கு ஒரு ஆள் இருந்ததும் பூங்கா பள்ளிக்கூடம் ஆயிடுச்சு. அந்தத் தங்கச்சி வராம இருந்திருந்தா நாங்களும் நாலு போட்டோவோட திரும்பியிருப்போம்.

2019ல தமிழ் மறவன் என்கிற வண்ணத்துப்பூச்சியை மாநில வண்ணத்துப்பூச்சியா அறிவிச்சாங்க. நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்? எங்க ஏழு பேருக்கும் இப்போ தெரியும்.

அடுத்து முக்கொம்பு. மேற்கே இருந்து அகண்டு வர்ற காவிரி அங்கேதான் ரெண்டா பிரியுது. வெள்ளம் வந்தா பெரும்பகுதியை வாங்கிக்கிறது கொள்ளிடம். அது தாழ்வான ஆறு. ஒரு காலத்துல தண்ணி அந்தப் பக்கமே இழுத்துக்கிட்டுப் போய், தஞ்சை வயலுக்கு வர வேண்டிய காவிரி மெலிஞ்சுபோன நிலைமை. அதைத் தடுக்கத்தான் 1836ல ஆர்தர் காட்டன் இங்கே மேலணையைக் கட்டினார். மணல் ஆத்துல அஸ்திவாரம் எப்படி நிக்கும்ங்கற வித்தையை இந்த மண்ணோட பழைய அணையைக் கட்டினவங்ககிட்ட இருந்துதான் தெரிஞ்சுக்கிட்டோம்னு அவரே எழுதி வெச்சிருக்கார். அந்தப் பழைய அணை வேற எதுவும் இல்லை, கிழக்கே இருக்கிற நம்ம கல்லணை!

இதைச் சொன்னப்போ பிள்ளைங்க முகத்தைப் பார்த்திருக்கணும். இங்கிலாந்துல இருந்து வந்த இன்ஜினியருக்கே நம்ம ஊர் அணை பாடம் சொல்லியிருக்குன்னா சும்மாவா?

அடுத்து கேள்வி வந்துச்சு. "அப்புறம் ஏன் மாமா உடைஞ்சுது?"

2018 ஆகஸ்ட் 22 ராத்திரி, கொள்ளிடம் பக்கம் 9 மதகுகள் அடிச்சுக்கிட்டுப் போனது இந்தப் பிள்ளைங்களுக்குக்கூடத் தெரிஞ்சிருக்கு. வீட்டுல பேசியிருக்காங்க. அதே வெள்ளத்துலதான் கொள்ளிடத்தோட பழைய இரும்புப் பாலமும் சரிஞ்சுது. இப்போ முக்கொம்புல புதுக் கதவணை நிக்குது. ஆனா "ஏன் உடைஞ்சுது?"ங்கற கேள்விக்கு அங்கே நின்னுக்கிட்டு எங்களால ஒழுங்கா பதில் சொல்ல முடியலை. ஓடுற தண்ணி அடி மணலை எப்படி அரிக்கும், தூண் எப்படிப் பிடி இழக்கும்னு ஒரு தொட்டியில மணலும் தண்ணியும் ஊத்திக் காட்டினா அஞ்சே நிமிஷத்துல புரியற விஷயம். காட்ட எங்ககிட்ட தொட்டி இல்லை. வெட்கமா இருந்துச்சு.

வெள்ளம் வந்தா முதல் ஆளா கரைக்கு ஓடுறோம். பார்வையிடறோம், போட்டோ எடுக்கறோம், அறிக்கை விடறோம். எல்லாக் கட்சிக்காரங்களும்தான், எங்களையும் சேர்த்துத்தான் சொல்றோம். தண்ணி வடிஞ்சதும் ஆத்தை மறந்துடறோம்.

இப்போ விஷயத்துக்கு வர்றோம்.

திருச்சியில வீட்டுக் குழாயைத் திறந்தா வர்ற தண்ணி எங்கிருந்து வருது? கம்பரசம்பேட்டையிலயும் கொள்ளிடத்துலயும் ஆத்து மணலுக்குள்ள இறக்கியிருக்கிற சேகரிப்புக் கிணறுகள்ல இருந்து வருது. ஆத்துத் தண்ணி மணல் வழியா இறங்கி, கலங்கல் நீங்கித்தான் கிணத்துக்கு வந்து சேருது. மணல்தான் முதல் வடிகட்டி. ஒரு பாட்டில்ல கூழாங்கல்லும் மணலும் போட்டு, கலங்கின தண்ணியை ஊத்திக் காட்டினா மூணாம் வகுப்புப் பிள்ளைக்குப் புரியும்.

இது புரிஞ்ச பிள்ளை பெரியவனாகி, ராத்திரியில லாரி லாரியா மணல் போறதைப் பார்த்தா சும்மா இருக்குமா? "இது என் வீட்டுக் குடிதண்ணி போகுது"ன்னு கேட்கும். புரியாத பிள்ளைக்கு அது வெறும் மணல். இதனாலதான் சொன்னோம், பட்டாம்பூச்சியும் ஆறும் அரசியல்தான்னு. ஆத்தைத் தெரிஞ்சுக்காத தலைமுறைகிட்ட இருந்து ஆத்தை எடுத்துக்கிறது ரொம்ப சுலபம்.

நம்ம அரசியலமைப்புச் சட்டத்துல 51ஏ பிரிவு குடிமக்களோட கடமைகளைச் சொல்லுது. அதுல (ஜி) காடு, ஏரி, ஆறு, காட்டுயிர்களைக் காப்பாத்தச் சொல்லுது. அடுத்த வரியிலயே (எச்) அறிவியல் மனப்பான்மையை வளர்க்கச் சொல்லுது. ரெண்டும் பக்கத்துப் பக்கத்துல இருக்கு. கடமையை மட்டும் சொல்லிட்டு, கத்துக்கிற இடத்தைக் காட்டலைன்னா எப்படி?

"விமான நிலையம் பக்கத்துல அண்ணா அறிவியல் மையம் இருக்கே, கோளரங்கம் இருக்கே"ன்னு கேட்கலாம். இருக்கு. 1999ல இருந்து நல்ல வேலை பார்க்குது. வானத்தைக் காட்டுது. காலடியில ஓடுற ஆத்தைக் காட்டவும் ஒரு இடம் வேணும்னுதான் கேட்கறோம். அதுவும் ஆத்தங்கரையிலயே வேணும்.

எங்க கோரிக்கைகள் நாலுதான்.

ஒண்ணு. திருச்சி மாவட்டத்துல அரசு, அரசு உதவி பெறும் பள்ளிகள்ல படிக்கிற ஒவ்வொரு பிள்ளைக்கும் வருஷத்துல ஒரு நாள் 'ஆற்று நாள்'. பஸ், நுழைவு, மதியச் சாப்பாடு எல்லாம் அரசு பொறுப்பு. காசு கட்டினவங்க மட்டும் போற சுற்றுலாவா இல்லாம, பாடத்திட்டத்துல ஒரு பகுதியா இருக்கணும்.

ரெண்டு. சொல்லிக் கொடுக்க ஆள். விலங்கியல், தாவரவியல் படிக்கிற நம்ம ஊர்க் கல்லூரி மாணவர்களுக்குப் பயிற்சி கொடுத்து, விடுமுறை நாட்கள்ல உதவித்தொகையோட பூங்காவுல நிறுத்துங்க. முக்கொம்புல மதகைப் பத்திச் சொல்ல, பணி ஓய்வு பெற்ற பாசன ஊழியர்களைக் கூப்பிடுங்க. லஸ்கர் வேலை பார்த்த ஒரு பெரியவருக்குத் தெரிஞ்ச ஆறு எந்தப் புத்தகத்துலயும் இல்லை.

மூணு. ஆத்தங்கரையில ஒரு காவிரி அறிவியல் கூடம். தலைக்காவிரியில இருந்து பூம்புகார் வரைக்கும் தண்ணி ஓடுற மாதிரி. 1934ல கட்டி முடிச்ச மேட்டூர் அணை, மேலணை, கல்லணை எல்லாத்தையும் பிள்ளைங்க கையால திறந்து மூடிப் பார்க்கிற மாதிரி. விளக்கம் நல்ல தமிழ்ல, பிள்ளைங்க உயரத்துல இருக்கணும். சக்கர நாற்காலியில வர்ற பிள்ளையும் தொடற மாதிரி இருக்கணும்.

நாலு. ஸ்ரீரங்கத்துல இருந்தும் சத்திரம் பேருந்து நிலையத்துல இருந்தும் விடுமுறை நாட்கள்ல பூங்கா வாசல் வரைக்கும், முக்கொம்பு வரைக்கும் போதுமான டவுன் பஸ். எங்களுக்கு நுழைவுச் சீட்டுக்கு ஆன காசைவிட ரெண்டு ஆட்டோவுக்கு ஆன காசு பல மடங்கு. கூலி வேலை பார்க்கிற ஒரு குடும்பம் எத்தனை தடவை இப்படிப் போக முடியும்?

"ரோடும் சாக்கடையுமே சரியில்லை, இதுக்கு வேற பணமா?"ன்னு சிலர் கேட்பீங்க. நியாயமான கேள்வி. ரோடும் வேணும், சாக்கடையும் வேணும், அதுக்கும் குரல் கொடுத்துக்கிட்டுத்தான் இருக்கோம். ஆனா பெரிய கட்டடம் எதையும் நாங்க முதல்ல கேட்கலை. பூங்கா இருக்கு, ஆறு இருக்கு, அணை இருக்கு. பஸ்ஸும் ஆளும் நேரமும் ஒதுக்கினா நாளைக்கே ஆரம்பிக்கலாம். கூடம் பின்னால வரட்டும்.

அரசு செய்யற வரைக்கும் நாம காத்திருக்க வேண்டாம். வர்ற ஞாயித்துக்கிழமை உங்க பிள்ளையோட, பக்கத்து வீட்டுப் பிள்ளை ரெண்டு பேரையும் சேர்த்துக் கூட்டிக்கிட்டுப் போங்க. காலையிலயே போங்க, வெயில் ஏறி இறகு சூடானாத்தான் பூச்சி பறக்கும், அதுக்கு முன்னாடி இலை மேல அசையாம உட்கார்ந்திருக்கும், கிட்டப் போய்ப் பார்க்கலாம். பூவை மட்டும் பார்க்காம இலையைத் திருப்பிப் பாருங்க. பிளாஸ்டிக் பையை உள்ளே கொண்டு போகாதீங்க. முக்கொம்புல பிள்ளைங்களைத் தண்ணியில இறங்க விடாதீங்க, சுழல் கண்ணுக்குத் தெரியாது.

நம்ம பகுதித் தோழர்கள் மாசம் ஒரு ஞாயித்துக்கிழமை பிள்ளைங்களைக் கூட்டிக்கிட்டுப் போறதுன்னு முடிவு பண்ணியிருக்கோம். கொடி இல்லை, பேனர் இல்லை, பிள்ளைங்களை வெச்சு மேடைப் பேச்சும் இல்லை. விலங்கியல், தாவரவியல் படிச்சவங்க, பாசனத்துறையில வேலை பார்த்தவங்க யாரா இருந்தாலும், எந்தக் கட்சியா இருந்தாலும், எங்க கூட வாங்க.

திரும்பி வரும்போது பாலத்து மேல ஆட்டோ நின்னுச்சு, டிராஃபிக். அந்த அஞ்சாம் வகுப்புப் பொண்ணு கீழே மணலைப் பார்த்துக்கிட்டே கேட்டா: "மாமா, இந்த மணலுக்கு அடியிலயும் தண்ணி ஓடிக்கிட்டு இருக்குமா?"

இருக்கும் கண்ணு. அதைத்தான் நீ குடிக்கிற.

#ஆறும்_பள்ளிக்கூடமே